வடிவக்கா நடந்த பதினெட்டாயிரம் அடிகள்

நூம்பலில் நாங்கள் குடியிருக்கும் ஐந்து மாடிக் கட்டடத்தைக் கூட்டித் துடைப்பவர் வடிவக்கா. பாரிவாக்கத்திலிருந்து காலை ஏழுக்கெல்லாம் வந்துவிடுவார். ஞாயிறும் உண்டு. தண்ணீர் நிறைந்த வாளியோடு படியேறித்தான் மேலே போக வேண்டும். 'வேலையாட்கள் உபயோகிக்கக் கூடாது' என்று லிஃப்டுக்குள் அட்டை ஒட்டியிருக்கிறது. நாய்களுக்கு அப்படி எந்த அட்டையும் இல்லை.

மூன்றாவது மாடி ஜெகன் வீட்டிலிருந்தே ஐடி வேலை பார்ப்பவர். யார் அதிகம் நடக்கிறார்கள் என்று அவருடைய கம்பெனியில் ஒரு மாதப் போட்டி வைத்து, அடிகளை எண்ணும் கைப்பட்டை ஒன்றையும் கொடுத்தார்கள். நாற்காலியை விட்டு எழாத மனிதர் எங்கே நடக்க? பட்டையைக் கொண்டுவந்து வடிவக்காவின் மணிக்கட்டில் கட்டினார்.

"சும்மா கட்டிக்கிட்டு வேலையப் பாருங்கக்கா. சாயங்காலம் குடுத்துடுங்க."

"இன்னா சார், மணி காட்டுமா?"

"எல்லாம் காட்டும்."

தினமும் பதினெட்டாயிரம் அடிகள். மாதக் கடைசியில் ஜெகனுக்குக் கோப்பை வந்தது. 'நடைதான் என் தியானம்' என்று கட்டட வாட்ஸப் குழுவில் படத்தோடு போட்டார். உண்மை தெரிந்தவர்களும் கைதட்டினார்கள். நானும் ஒரு கைதட்டலை அனுப்பினேன். அந்த விரல் இன்னும் கூசுகிறது.

அடுத்த மாதமும் போட்டி. பட்டை வடிவக்கா கையிலேயே இருந்தது. ஒரு ஞாயிறு, பார்க்கிங்கில் நடந்த குடியிருப்போர் கூட்டத்தில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"முட்டி வீங்கிகினு கீது சார். வாளியோட மேல போறப்போ மட்டும் லிஃப்டுல வுடுங்க. எறங்கறப்போ நடந்தே வந்துடறேன்."

செயலாளர் பரந்தாமன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உனக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்கம்மா."

ஜெகன் குறுக்கிட்டார். "படி ஏறுறது நல்லதுக்கா. உங்க நாடித்துடிப்ப போன்ல பாக்கறேன்ல, சூப்பரா இருக்கு. எனக்குத்தான் மோசம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மாதத்துக்கும் மேலாக அந்த உடம்பின் ஒவ்வொரு துடிப்பையும் போனில் வாங்கிவைத்துக்கொண்ட மனிதர், ஒருமுறைகூடக் குனிந்து அந்த முழங்காலைப் பார்த்ததில்லை. பார்த்திருந்த நானும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

வடிவக்கா படிக்கட்டின் முதல் படியில் வாளியை வைத்துவிட்டு உட்கார்ந்தார். பேச்சு சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்பதற்குத் தாவி, ஒரு மணி நேரம் ஓடியது. அப்போது அவர் கையிலிருந்த பட்டை அதிர்ந்தது.

"இன்னா சார் இது, உறுமுது?"

"ரொம்ப நேரம் உக்காந்தா அப்படித்தான்க்கா. எழுந்து நடக்கச் சொல்லுது."

"இதுவுமா?"

பட்டையைக் கழற்றினார். புடவைத் தலைப்பால் துடைத்து ஜெகன் கையில் வைத்தார். "நீயே கட்டிகினு நட சார். நல்லதுன்றியே."

வாளியைத் தூக்கிக்கொண்டு நேராக லிஃப்டுக்குள் போய் நின்றார்.

"ஏம்மா," என்றார் பரந்தாமன், "உள்ள ஒட்டியிருக்கற அட்டையப் பாக்கலியா?"

"பாக்காம இன்னா சார். தெனமும் தொடைக்கிறது நான்தானே."

கதவு மூடிக்கொண்டது. மேலே ஐந்து என்ற எண் எரியும்வரை எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.