பொட்டு வைத்த ஃப்ளாப்பி

கவிதா, செந்தில், உங்கள் அத்தையின் கல்யாணப் பத்திரிகை தப்பிப் பிழைத்த கதையைக் கேளுங்கள்.

பெரம்பலூரில் நம் டைப்பிங் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். தகவல் பதியும் ஒரு புது ஃப்ளாப்பித் தட்டுக்கும் ஓரமாகப் பொட்டு வைத்து, உள்ளே சொருகிக் கும்பிட்டேன். மறுநாள் சுவிட்சைப் போட்டால், கறுப்புத் திரையில் ஒரு இங்கிலீஷ் வரி மட்டும் நின்றது. டைப் செய்த பத்திரிகை முழுக்க அந்தக் கம்ப்யூட்டருக்குள்! மதியம் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும்.

“பூசை போட்டதும் படுத்துக்கிச்சே!” என்றாள் உங்கள் அம்மா.

கம்ப்யூட்டர் விற்ற அரியலூர் நண்பருக்குப் போன் செய்தேன்.

“உள்ள ஃப்ளாப்பி கெடக்காண்ணே?”

“நாந்தான் பொட்டு வச்சு உள்ள வச்சேன்.”

சிரித்துவிட்டார். “அது மொதல்ல ஃப்ளாப்பியத்தான் பாக்கும்ணே. அதுல ஒண்ணும் இல்லன்னா நின்னுடும். எடுத்துட்டு ஒரு பட்டனத் தட்டுங்க, ஹார்டு டிஸ்குக்குப் போயிரும். இனிமே சாமிய வெளியில வச்சுக் கும்பிடுங்க!”

எடுத்தேன், தட்டினேன். பத்திரிகை அப்படியே இருந்தது. அம்மா கைதட்டினாள். இப்போதெல்லாம் உள்ளே ஃப்ளாப்பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுகிறேன்.

அன்று அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்து, கடையில் தனியாக, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டேன். திரையில் வழக்கமான படம் வந்ததும், கல்யாணத்துக்கு வந்தவரை வரவேற்பதுபோல், “வாங்க, வாங்க” என்றேன்.