அக்காவின் பழைய பதிவு

தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு அக்காவால் பழைய சுருதியில் பாட முடியவில்லை. ஐந்து கட்டையிலிருந்து மூன்றுக்கு இறங்கினார். அதிலும் மேல் ஸ்தாயியைத் தொட்டால் குரல் கிழிந்தது. அவரிடம் பாட்டுக் கற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுபோக, ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனார். பல வருடம் அவருக்கு வயலின் வாசித்தவன் நான்.

ஈப்போவில், கீர்த்தனைகள் இயற்றிய ஒரு மகானுக்கு ஆண்டுதோறும் ஆராதனை விழா எடுக்கும் சங்கத்தின் தலைவி, இளமையில் அக்காவோடு ஒரே மேடையில் பாடியவர். மகானின் கீர்த்தனைகள் ஏன் இன்றும் நிலைத்து நிற்கின்றன என்று கலைஞர்கள் பேசும் நிகழ்ச்சிக்கு அக்காவை அவரே அழைத்தார். அக்கா உடனே எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, பேசும்போது ரெண்டு வரி பாடிக் காட்டப்போறேன். மூணு கட்டைக்கு இறக்கி வச்சுக்க."

விழா அன்று தைப்பிங்கில் ஞாயிறு பூசைக்கு வாசித்துவிட்டு மழையிலேயே காரை ஓட்டி வந்தேன். மேடைக்குப் பின்னால் தந்திகளைத் தளர்த்தி, சுருதியை இறக்கிக்கொண்டேன்.

முதலில் பேசிய புல்லாங்குழல் கலைஞர், ஒரு ராகத்தின் முகம் முழுவதையும் மகான் முதல் வரியிலேயே காட்டிவிடுகிறார் என்றார். தலைவி பக்தியைப் பற்றிப் பேசினார். பிறகு அக்கா ஒலிவாங்கியை வாங்கினார்.

"அவரு கேட்டுக்கிட்டே இருந்த மனுசன். ஏன் வரல, ஏன் பாக்கலன்னு சாமிகிட்ட கேட்டாரு. கெடச்சதுன்னு பாடுனது கொஞ்சம்தான். நமக்கும் கெடைக்கல. அதான் இன்னும் பாடுறோம்."

"இந்த வரியப் பாருங்க" என்று என் பக்கம் தலையசைத்துப் பாடத் தொடங்கினார். முதல் வரி கரகரப்போடு, ஆனால் சுத்தமாக வந்தது. இரண்டாவது வரியில் மேலே ஏறும்போது உடைந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அக்கா அதே இடத்தை மறுபடி எடுத்தார்.

தலைவி இன்னொரு ஒலிவாங்கியை எடுத்தார். "அக்கா, எதுக்கு சிரமம்? உங்க பழைய பதிவு இருக்குலா. அதையே கேப்போம்."

அக்கா பாடிக்கொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கியில் அவருடைய பழைய குரல், அதே கீர்த்தனை, ஐந்து கட்டையில் எழுந்தது. பின்னால் என் வயலினும் கேட்டது. அக்கா வாயை மூடிக்கொண்டார். நான் வில்லைக் கீழே வைத்தேன். பதிவு முடியும் வரை, மடியில் கைகளை வைத்து, எல்லோரும் தன்னைப் பார்க்க அவர் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் அரங்கமே கைதட்டியது.

அக்கா மெதுவாகச் சொன்னார்: "அவரு ஏன் நிலைச்சிருக்காருன்னு இப்பதான் தெரியுது. செத்துட்டாரு. உசுரோட இருந்து தொண்டை போயிருந்தா, அவரையும் மேடையவிட்டு எறக்கிட்டுப் பதிவத்தான் போட்டிருப்பீங்க."

நகைச்சுவை என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். தலைவிதான் முதலில் சிரித்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் ஒரு பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா என்று கேட்டார். தன்னிடம் இல்லை என்றார் அக்கா. இலையில் கை வைக்காமலே எழுந்துவிட்டார்.

அடுத்த வருட விழாவுக்கு அக்காவை அழைக்கவில்லை. அவருடைய பதிவைப் போட்டுத்தான் தொடங்கப்போவதாகத் தலைவி என்னிடம் சொல்லி, வேறொரு பாடகருக்கு வாசிக்க என்னைக் கூப்பிட்டார். அக்கா வந்தால்தான் வருவேன் என்றேன்.

"பரவால்ல தம்பி" என்றார் தலைவி. "பதிவுல உன் வயலினும் இருக்குல்ல. அது போதும்."

இதை அக்காவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நல்லாத்தான பாடியிருந்தேன் அப்ப?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தொழிற்சாலை பஸ் வந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டார்.