ஓடைப் பாலத்துக்கு அப்பால் கேட்ட வெடிச் சத்தம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதைக் கேட்டுவிட்டு நீங்களும் எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

நான் ரயில் பாதையில் கீமேன். பெண்ணாக இருந்தாலும் வேலைக்குப் பெயர் அதுதான். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமாகத் தினமும் காலையில் தண்டவாளத்தோடு நடந்து, கழன்ற கிளிப்பை அடித்து இறுக்கி, ஒவ்வொரு பாலமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

அன்று விடிய விடிய மழை, காலையிலும் விடவில்லை, கொஞ்ச தூரத்துக்கு அப்பால் எல்லாம் ஒரே வெள்ளையாக இருந்தது. ஓடைப் பாலத்துக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். மலைத் தண்ணீர் பாலத்தை ஒட்டிய மண்ணை ஜல்லியோடு அரித்துக்கொண்டு போயிருந்தது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது.

ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். "வண்டி ஸ்ரீவில்லிபுத்தூர விட்டுக் கெளம்பிருச்சேம்மா. டிரைவருக்குச் சொல்லப் பாக்கேன், நீ எதிர்த்தாப்ல ஓடு" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

என் பையில் தண்டவாளத்தில் கட்டுகிற வெடிகள் இருந்தன. சின்னத் தகர டப்பாதான், ஆனால் சக்கரம் ஏறினால் டமார் என்று வெடிக்கும், அதைக் கேட்டதும் டிரைவர் வண்டியை நிறுத்தியாக வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடிப்போய் மூன்றைக் கட்ட வேண்டும். பாலத்தைத் தவழ்ந்து தாண்டி அந்தப் பக்கம் நான் ஐம்பது அடிகூட ஓடியிருக்க மாட்டேன், ஜல்லியில் கால் புரண்டு விழுந்தேன், எழுந்திருக்கவே முடியவில்லை. உட்கார்ந்தபடியே செங்கொடியை ஆட்டினேன். அந்த மழையில் யாருக்குத் தெரியும்? வண்டியில் வருகிற பிள்ளைகுட்டிகளை நினைத்து, மாதாவே என்று கத்தினேன்.

அப்போதுதான் தூரத்தில் கேட்டது. டமார். டமார். டமார்.

வண்டி முனகிக்கொண்டே வந்து எனக்குச் சற்று முன்னால் நின்றது. டிரைவர் இறங்கி ஓடிப்போய்ப் பாலத்தைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து அப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"யம்மா, வெடி மட்டும் கேக்கலன்னா அம்புட்டுப் பேரும் போயிருப்போம். நீங்க நல்லா இருக்கணும்" என்று கும்பிட்டார்.

"நான் வெடி வைக்கலயே அண்ணாச்சி" என்று பையைத் திறந்து காட்டினேன். கட்டு பிரிக்காமல் அத்தனையும் இருந்தன. எங்கள் ஆட்கள் யாரும் அன்று அந்தப் பக்கமே போகவில்லை, ஒவ்வொருவராகக் கேட்டாயிற்று.

"ஏட்டி, இனி அங்க தனியாப் போகாத" என்றார் வீட்டுக்காரர். எனக்கோ, நம்பினால் நம்புங்கள், பயமே வரவில்லை. கால் வீக்கம் வடிந்ததும் முதலில் அங்கேதான் போனேன். யாரென்று தெரியாத அவருக்குச் சத்தமாகவே நன்றி சொன்னேன். இன்றைக்கும் அந்த இடத்தில் செத்த நேரம் நின்று சொல்லிவிட்டுத்தான் நடக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலும் அவருக்காக வேண்டுகிறேன், பெயர் தெரியாததால் 'அந்த ஆள்' என்றுதான்.

ஒன்று மட்டும் இன்னும் மனதை அரிக்கிறது. வெடித்த இடத்தில் நசுங்கிக் கிடந்த தகரங்களை எங்கள் இன்ஸ்பெக்டர் எடுத்து வந்தார். விதிப்படி பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று கிடந்தனவாம். ஒன்றின் கரியை நகத்தால் சுரண்டி, அதில் பொறித்திருந்த வருடத்தைப் படித்தார். 

"இது மீட்டர் கேஜ் காலத்துச் சரக்கும்மா, இந்தப் பாதைய அகலமாக்குறதுக்கு முந்துனது" என்றார். "இம்புட்டு வருசத்துக்குப் பொறவு இது வெடிக்கவே கூடாது."