பச்சைப் பூச்சுக்கு அடியில்

ஐயாவுக்கு ஒரு வருத்தம் இருந்தது. எந்தப் பரியாரியின் மருந்தாலும் மாற்ற முடியாத வருத்தம். எங்கேயாவது பழைய வீட்டுச் சாமான் ஏலம் போகிறது என்று காதில் விழுந்தால் போதும், மனுசன் அங்கே போய் நிற்பார். காலொடிந்த கதிரை, பிரம்பு அறுந்த வாங்கு, முகம் தெரியாத கண்ணாடி எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். சுன்னாகம் ஸ்டேசனில் கிளாக்கர் வேலை முடித்து வந்து, கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழஞ்சாரத்தோடு முற்றத்தில் குந்திவிடுவார். சாப்பிடக் கூப்பிட்டால் கேட்காது.

அம்மா அவரை ஏசாத நாளில்லை. ஆனால் உடைந்த வண்டில் சில்லின் குடத்தில் ஐயா செய்த விளக்குத்தண்டை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவதும் அம்மாதான். மாச்சாக்கைத் தோய்த்து வெளுத்துப் பூத்தையல் போட்டுத் திரைச்சீலை தொங்கவிட்டவரும் அவர்தான். சேர்ந்தேதான் வீட்டை அழகாக்கினார்கள், சண்டை பிடித்துக்கொண்டு.

அந்த அலுமாரி கரவெட்டியிலிருந்து மாட்டுவண்டிலில் வந்தது. ஆளுயரம், உருண்டைக் குமிழ்க் கால்கள் நான்கு, உள்ளும் புறமும் அப்பிய பச்சைப் பூச்சு. அம்மா மூக்கைச் சுளித்தார்.

"உள்ளுக்கை முதிரை மரம். உந்தப் பச்சையை எடுத்துப்போட்டால் எப்பிடி மினுங்குது எண்டு பாருமன்," என்றார் ஐயா.

சுண்ணாம்பையும் சோடாவையும் குழைத்துப் பூசி ஊறவிட்டு, உடைந்த கண்ணாடித் துண்டால் பூச்சைச் சுரண்டினார். சொரசொரப்பான பராய் இலையால் மரத்தைத் தேய்ப்பது என் வேலை. மஞ்சள் மரம் மெல்ல வெளியே வந்தது. எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. அந்த மஞ்சளைக் கண்டு துள்ளினேன்.

கதவின் உட்புறத்தில் மட்டும் பூச்சு போகவில்லை. ஒரு பச்சையைச் சுரண்டினால் அடியில் இன்னொரு பச்சை. வேறெங்கும் இல்லாமல் அந்த இடத்துக்கு மட்டும் திரும்பத் திரும்பப் பூசியிருந்தார்கள். கடைசியில் கத்தியால் கீறிய கோடுகள் தெரிந்தன. கீழே ஒன்று, மேலே ஒன்று, அதற்கும் மேலே ஒன்று என்று ஏணிப்படி போல ஏறி, ஓரிடத்தில் நின்றுவிட்டன.

"ஆரோ தங்கடை பிள்ளையை வருசா வருசம் அளந்திருக்கினம்!" ஐயாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை, ஒரே புளுகம். கதவைத் திறந்து, என்னை அதோடு சேர்த்து நிறுத்தினார். உச்சந்தலையில் கையை வைத்துப் பார்த்தார். "அச்சொட்டு! கடைசிக் கோடு உன்ரை உயரம்தான்."

அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா படலையைத் திறந்துகொண்டு வந்தார். அம்மாவின் தமக்கை. கோடுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அளந்த பிள்ளை எங்கை?" என்று கேட்டார்.

ஐயாவின் கை என் தலையிலிருந்து மெல்ல இறங்கியது.

"எடி பிள்ளை, வளருற பிள்ளையை இன்னொரு பிள்ளையின்ரை கோட்டிலை கொண்டுபோய் நிப்பாட்டுறதே?" என்று அம்மாவைப் பிடித்துப் பெரியம்மா பேசினார். "பெத்தவளே பாக்க ஏலாமல் பூசி மறைச்சிருக்கிறாள். உங்களுக்கு விளங்கேல்லையே?"

"இஞ்சருங்கோ, உதைத் திருப்பிக் குடுத்திட்டு வாங்கோ," என்றார் அம்மா.

"ஏலத்திலை எடுத்ததை ஆரிட்டைக் குடுக்கிறது? அந்த வீடே பூட்டிக் கிடக்குது."

அலுமாரி நின்றது. ஸ்பிரித்தில் கரைத்த அரக்கைத் துணிப்பொட்டலத்தால் தேய்த்துத் தேய்த்து ஐயா மினுக்கினார். உண்மையாகவே முகம் தெரிந்தது. அறை முழுவதும் அரக்கு மணம். ஆனால் மத்தியானத்தில், காற்றே இல்லாத நேரத்தில், அந்தக் கதவு தானாகத் திறக்கும். படாரென்று இல்லை. உள்ளே நிற்கிற யாரோ விரலால் தள்ளுவது போல, கொஞ்சங் கொஞ்சமாக. கோடுகள் தெரிகிற அளவுக்குத் திறந்து நிற்கும். நான் பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன்.

வா, அளந்து பார், என்று கூப்பிடுகிறாள் என்றே நினைத்தேன். கோடுகள் ஒரு பெட்டைப் பிள்ளையுடையவை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், அவ்வளவுதான். ஒருவரும் இல்லாத நேரம் போய்க் கதவோடு ஒட்டி நின்று தலையில் கையை வைத்துப் பார்ப்பேன். அதே கோடு. மாரி வந்து போனது, அதே கோடு. சோறு தொண்டையால் இறங்க மறுத்தது. "பிள்ளை வெம்பிப்போச்சுது," என்று ஊரில் கதைத்தார்கள். அம்மா என்னைக் குளிப்பாட்டும்போது விலா எலும்பைத் தடவிப் பார்த்து அழுவார். நான் பெரிய பிள்ளையாவேனா என்பதே அந்த வீட்டின் கவலையாகிப் போனது.

ஐயா ஒருநாள் கரவெட்டிக்கு விசாரிக்கப் போய் வந்தார்.

"அந்தப் பெட்டை சுகமாய் இருக்கிறாளாம். கலியாணம் முடிச்சு மலாயாவிலையாம்," என்றார். சொல்லும்போது காதுமடலைத் தடவிக்கொண்டிருந்தார். பொய் சொன்னால் அவருடைய கை அங்கேதான் போகும். பெயர் என்ன, யாரைக் கட்டினாள் என்று அம்மா ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா என்னைத் தொண்டைமானாற்றுக்குக் கூட்டிப்போய், சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைத்து, கையில் மஞ்சள் துணி கட்டிவிட்டார். திரும்பி வந்தபோது அறையில் மரத்தூள் கூட்டப்பட்டிருந்தது.

"நிலம் மட்டமில்லை. அதாலைதான் கதவு திறந்தது. காலிலை கொஞ்சம் சீவிவிட்டன்," என்றார் ஐயா, சாதாரணமாக.

உண்மைதான், கதவு அதற்குப் பிறகு திறக்கவேயில்லை. அவள் போய்விட்டாள் என்று நினைத்தேன். சில நாள் கழித்து ஐயா என்னை அளக்கக் கூப்பிட்டார். நான் மாட்டேன் என்று அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு குழறி அழுதேன். அம்மாவே என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். ஐயா என் தலையில் மட்டப்பலகையை வைத்துக் கத்தியால் கீறினார்.

திரும்பிப் பார்த்தேன். என்னுடைய கோடு அவளுடைய கடைசிக் கோட்டுக்கு மேலே, இரண்டு விரல் உயரத்தில்!

"ஐயோ, என்ரை பிள்ளை வளர்ந்திட்டுது!" அம்மா என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்தார். அன்று பின்னேரம் மோதகம் அவித்தார். வயிறு வெடிக்கச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு வடலி போல நெடுநெடுவென்று வளர்ந்தேன். ஐயா மட்டும் என்னை மறுபடி அளக்கவில்லை. ஏனென்று நான் கேட்கவுமில்லை.

அம்மாவின் செத்தவீடு முடிந்த பிறகு, அரக்கு உரிந்துபோன அந்த அலுமாரியை மறுபடி மினுக்கலாம் என்று வெறுமையாக்கினேன். ஐயா அதற்கு முன்பே போய்விட்டார். இத்தனை வருசமும் குனிந்து பார்க்காத அடிப்பக்கத்தைச் சாய்த்துப் போட்டுப் பார்த்தபோது குமிழ்க் கால்கள் இல்லை. மட்டமாக்க ஒரு காலைச் சீவினால் போதும். நான்கும் ஒரே அளவாக அறுக்கப்பட்டிருந்தன. அடப் பாவி மனுசா, அம்மாவை இப்படியா ஏமாற்றினீர் என்று நான் தனியே நின்று சிரித்தேன்.

பிறகு, கடைசித் தட்டிலிருந்து அள்ளி வைத்ததைப் பிரித்தபோது, அம்மாவின் கூறைச்சேலைக்கு அடியில் ஒரு பொட்டலம் இருந்தது. சந்நிதியில் என் கையில் கட்டிய மஞ்சள் துணி. அவிழ்த்தேன். உள்ளே நான்கு குமிழ்க் கட்டைகள், பச்சைப் பூச்சு ஒட்டியபடி.

ஒன்றை எடுத்துக் கதவிலே, அவளுடைய கடைசிக் கோட்டுக்கும் என்னுடைய கோட்டுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தேன். அச்சொட்டாக இருந்தது. அலுமாரிதான் இறங்கியிருக்கிறது; மோதகம் அவித்த அன்றும் நான் அவளுடைய கோட்டிலேதான் நின்றிருக்கிறேன். அது அந்த வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.