எதிர்பார்க்கப்படும் விடை

ஒரு பிள்ளை நாளைக்கு என்ன பதில் சொல்லும் என்பதை இன்றைக்கே எழுதிவைத்துவிடலாம் என்று நான் நம்பினேன். நாற்பத்து மூன்று வயதில், தலையில் பாதி முடி போன பிறகு நம்பினேன். வீட்டில் எனக்கே இரண்டு பிள்ளைகள். நான் எதிர்பார்த்த பதில் ஒன்றைக்கூட அவர்கள் இதுவரை சொன்னதில்லை. அப்படியும் நம்பினேன்.

பி.எட். படிப்பில் அப்படித்தான் எழுதச் சொன்னார்கள். பாடத்திட்டத் தாளில் நடுவே ஒரு கோடு. இடது பக்கம் ‘ஆசிரியர் செயல்’, வலது பக்கம் ‘மாணவர் செயல்’. நான் கேட்கப்போகும் கேள்வி இடது பக்கம். அதற்கு நேரே வலது பக்கத்தில் ‘எதிர்பார்க்கப்படும் விடை’. அதற்கும் கீழே, மறுபடி இடது பக்கத்தில், அந்த விடைக்கு நான் சொல்லப்போகும் பாராட்டு: ‘நன்று’, ‘மிக நன்று’. பாராட்டுவதற்கு ‘வலுவூட்டும் திறன்’ என்று பெயர், அதற்குத் தனி மதிப்பெண். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் என் மனைவியை நான் மொத்தமாகப் பாராட்டியதைவிட அந்த ஒரு ரெக்கார்டு நோட்டில் அதிகம் பாராட்டியிருக்கிறேன்.

நான் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். துவாக்குடிப் பக்கம் பாய்லருக்குச் சில்லறைப் பாகங்கள் செய்து கொடுக்கும் ஒரு பட்டறையில் பதினெட்டு வருஷம் சூப்பர்வைசர். ஆர்டர் குறைந்தது, பிறகு நின்றது, ஒருநாள் ஷட்டரும் இறங்கியது. நாற்பத்தொரு வயதுக்காரனை எங்கேயும் எடுக்கவில்லை. கடைசியில் திருவானைக்காவலில் ஒரு தனியார் பள்ளியின் தாளாளர் உட்காரவைத்துப் பேசினார். “பிஸிக்ஸ் உங்களுக்குத் தெரியுது. நடத்திடுவீங்க. ஆனா பி.எட். இல்லாம உள்ள விட்டா நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்ல என்னத்தான் கேப்பாங்க. முடிச்சிட்டு வாங்க, இடம் வச்சிருக்கேன்.”

ரெண்டு வருஷம். புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் என் மனைவி, அந்த ரெண்டு வருஷமும் வாரத்தில் மூன்று நாள் இரட்டை டியூட்டி பார்த்தாள். “இது ஒண்ணுதாங்க நமக்கு வழி. கோட்டை விட்ராதீங்க” என்று ஒரே ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

கல்லூரியில் முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் நாற்பது பேர் எழுந்து “குட் மார்னிங் சார்” என்றார்கள். எல்லாம் இருபத்திரண்டு வயசுப் பெண்கள், நடுவில் நாலைந்து பையன்கள். பேராசிரியர் என்று நினைத்துவிட்டார்கள். நானும் “சிட் டவுன்” சொல்லி, பெயர் கேட்டு, பத்து நிமிஷம் வருகைப் பதிவுகூட எடுத்தேன். பிறகு உண்மையான பேராசிரியர் வந்து, “நீங்க யாரு?” என்றார். அன்றிலிருந்து அந்தப் பெண்களுக்கு நான் அங்கிள்.

அதுதான் நான் பயப்படாமல் நடத்திய ஒரே வகுப்பு. அதற்குப் பிறகு பலகைக்கு முன் நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும், இடது தோளில் ஒரு வலி இறங்கும். ‘வந்துவிட்டது, நெஞ்சுவலிதான், பலகையிலேயே சாய்ந்துவிடப் போகிறோம்’ என்று தோன்றும். வீட்டில் என் மனைவி கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்ப்பாள். “நூத்தி முப்பது. இதுக்கெல்லாம் சாக மாட்டீங்க. கிளம்புங்க.”

அந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான் பாடத்திட்டத் தாளைப் பிடித்துக்கொண்டேன். எது வந்தாலும் தாளில் இருக்கிறது. அடுத்த வரி என்ன? வாசி. அதற்கடுத்த வரி? அதையும் வாசி. பட்டறையில் வரைபடத்தைப் பார்த்து வெல்டிங் வைக்கிற மாதிரி. வரைபடம் சரியாக இருந்தால் பாகம் சரியாக வரும்.

பயிற்சிக்கு ஸ்ரீரங்கத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் போட்டார்கள். பாலக்கரையிலிருந்து கிளம்பி ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் பாலம் தாண்டிப் போவேன். நான்கு மாதம் ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் அறிவியல் எடுத்தேன். ஒரு வழியாகப் பழகியும்விட்டது. செய்முறைத் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ‘ஆ’ பிரிவு வேறொரு பயிற்சி மாணவிக்கு, எனக்கு ‘அ’ பிரிவு என்று மாற்றிவிட்டார்கள். அன்று இரவு ரத்த அழுத்தம் நூற்று நாற்பத்தெட்டு.

பாடம், மிதத்தல் விதிகள். நீரில் முட்டை மூழ்கும், உப்பைப் போட்டால் மேலே வரும். அதைச் செய்துகாட்டுவதாகத் திட்டம். தலைமை ஆசிரியர் கோயில் கைங்கர்யக் குடும்பத்தைச் சேர்ந்தவர். முட்டை என்றதும் முகம் சுருங்கியது.

“முட்டையா? அதெல்லாம் இங்க வேண்டாமே. உருளைக்கிழங்கு வெச்சுண்டு பண்ணிடுங்கோளேன். அதுவும் மிதக்குமோன்னோ?”

மிதக்கும். காந்தி மார்க்கெட்டில் ரெண்டு கிலோ வாங்கி வந்து வீட்டில் ஒத்திகை பார்த்தேன். நாலு நாள் எங்கள் வீட்டில் உருளைக்கிழங்குப் பொரியல். உப்புத் தனியாகப் போட வேண்டியிருக்கவில்லை.

‘அ’ பிரிவில் இரண்டு நாள் பிள்ளைகளையும் பழக்கினேன். இது எல்லாப் பயிற்சி ஆசிரியர்களும் செய்கிற காரியம், ஒருவரும் வெளியே சொல்வதில்லை. எந்தக் கேள்விக்கு யார் எழுந்து நிற்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும், கிழங்கு மேலே வரும்போது எப்போது கைதட்ட வேண்டும், எல்லாம் பிரித்துக் கொடுத்தேன். பாடத்தைத் தொடங்கிவைக்கும் கேள்வி இது: “கொள்ளிடத்துல தண்ணி வந்தா குளிக்கப் போவீங்கல்ல? தண்ணிக்குள்ள நின்னா உடம்பு லேசாத் தெரியுதே, ஏன்?” எதிர்பார்க்கப்படும் விடை: ‘தண்ணீர் நம்மை மேலே தள்ளுகிறது, ஐயா.’

முதல் ஒத்திகையில் இந்தக் கேள்வியைக் கேட்டதும் வகுப்பு கப்பென்று அடங்கிவிட்டது. ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டேன். முன்பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள்.

“சார், ஆத்துக் கேள்வி வேணாம் சார்.”

“ஏம்மா?”

அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். “கெணத்துல வாளி எறைப்பாங்கல்ல சார், அது கேளுங்க சார். தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும் லேசா இருக்கும்ல.”

நல்ல கேள்விதான். என்னுடையதைவிட நல்ல கேள்வி. ஆனால் பாடத்திட்டத்தில் வழிகாட்டி ஆசிரியரின் கையெழுத்து ஏற்கெனவே விழுந்துவிட்டது. மாற்றினால் மறுபடி எழுத வேண்டும், மறுபடி அவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். “கையெழுத்து வாங்கியாச்சும்மா. இனிமே மாத்த முடியாது. உக்காரு” என்றேன். ஏன் வேண்டாம் என்று இன்னொரு தடவை கேட்கவில்லை.

தேர்வு நாள் காலை வகுப்புக்குள் போனால் ஒரு புது முகம். பதினைந்து நாள் லீவுக்குப் பிறகு அன்றுதான் வந்திருக்கிறாள். இந்தப் பெண்ணுக்கு ஒரு பதிலும் தெரியாதே! அவளை மூன்றாவது பெஞ்சின் சுவரோரம் ஒளித்துவைக்கிற மாதிரி உட்காரவைத்தேன்.

“என்னம்மா இத்தன நாள் லீவு? காய்ச்சலா?”

அவள் வாயைத் திறப்பதற்குள், “சரி, இப்பப் பரவால்லல்ல? நீ கை மட்டும் தூக்கிராத, என்ன?” என்று நானே முடித்துவிட்டேன். தலையை ஆட்டினாள்.

தேர்வாளர்கள் இரண்டு பேர். கறுப்புப் பிரேம் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், மடியில் மதிப்பெண் தாளோடு ஓர் அம்மாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மேலே மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. வணக்கம் சொல்லி, பலகையில் தேதி எழுதி, கேள்வியைக் கேட்டேன். கொள்ளிடத்துல தண்ணி வந்தா.

பழக்கியபடி ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன. முன்பெஞ்சுப் பெண் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஒரு பையனைக் காட்டப் போகையில் பின்னாலிருந்து பெரியவரின் குரல் வந்தது.

“கை தூக்காதவங்களக் கேளுங்க சார். அந்த மூணாவது பெஞ்சு, சுவர் ஓரமா இருக்காங்களே, அந்தப் பொண்ணக் கேளுங்க.”

அவ்வளவுதான். நாக்கு ஒட்டிக்கொண்டது, இடது தோளில் வலி இறங்க ஆரம்பித்தது. தாளைப் பார்த்தேன். ‘சொல்லும்மா’ என்று சைகை செய்தேன். அவள் எழுந்தாள். என்னை மட்டும் பார்த்து, கடைசி பெஞ்சுக்கு எட்டாத குரலில் சொன்னாள்.

“எங்க அண்ணனத் தள்ளல சார். மூணாம் நாளுதான் மேல வந்தான்.”

என் காதில் அது விழுந்தது. ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. ஆனால் கண் தாளில் இருந்தது. தாளில் அடுத்த வரி இடது பக்கம்.

“மிக நன்று. உட்காரும்மா” என்றேன்.

அவள் உட்கார்ந்தாள்.

நான் நிறுத்தவில்லை. மேல்நோக்கு விசை என்று பலகையில் எழுதினேன், அடிக்கோடும் போட்டேன். கண்ணாடிச் சாடியில் தண்ணீர் ஊற்றிக் கிழங்கைப் போட்டேன். அடியில் போய்த் தங்கியது. உப்பைக் கொட்டிக் கலக்கினேன். அது கொஞ்சம் அசைந்தது, பக்கவாட்டில் சாய்ந்தது, மெதுவாக மேலே வந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. நாற்பத்தைந்து பிள்ளைகளில் ஒருவரும் சாடியைப் பார்க்கவில்லை. மூன்றாவது பெஞ்சையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் சாடியைப் பார்த்தாள்.

மணி அடித்ததும் தேர்வாளர்கள் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்கள். கறுப்புப் பிரேம் பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“கிளாஸ் கன்ட்ரோல் பிரமாதம் சார். ஊசி விழுந்தா கேக்கும்.”

“அந்தப் பொண்ணு கூச்ச சுபாவம் போல” என்றார் அந்த அம்மாள். “என்ன சொன்னான்னு எங்களுக்குக் கேக்கல. ஆனா நீங்க உடனே பாராட்டி உக்கார வச்சீங்க பாருங்க, அதுதான் வலுவூட்டல். சின்னவங்களுக்கு அது வரல. உங்க வயசு பேசுது.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். அவள் என்ன சொன்னாள், நான் என்ன சொன்னேன் என்று ரெண்டே வாக்கியம். ஆனால் மதிப்பெண் தாள் அந்த அம்மாளின் கையில்தான் இருந்தது, பேனாவும் திறந்துதான் இருந்தது. “ரொம்ப நன்றிங்க மேடம்” என்றேன்.

வகுப்பு ஆசிரியை பிறகு விவரம் சொன்னார். அண்ணன் செல்போன் கடையில் வேலை பார்த்தவன். ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு கொள்ளிடத்தில் இறங்கியிருக்கிறான். மணல் அள்ளிய குழி. “உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன் சார். புள்ளைங்க சொல்லலையா?” என்றார். ஆத்துக் கேள்வி வேணாம் என்று சொல்லத்தான் செய்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் அவளைத் தேடிக்கொண்டு போனேன். குழாயடியில் நின்று டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முன்பெஞ்சுப் பெண். என்ன பேச வேண்டும் என்று வராந்தா நெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். கிட்டே போனதும் வாயில் வந்தது இதுதான்:

“சாப்ட்டியாம்மா?”

“சாப்ட்டேன் சார்.”

டிபன் பாக்ஸைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள். முன்பெஞ்சுப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பாஸா சார்?”

“ம். பாஸ்தாம்மா போல.”

“சரிங்க சார்” என்றாள் முன்பெஞ்சுப் பெண். இருவரும் வகுப்புக்குப் போய்விட்டார்கள். பயிற்சியின் கடைசி நாள் அது. நான் சாடியைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பாலத்தின் மேல் போகும்போது ஆற்றைப் பார்க்கவில்லை.

வீட்டில், “எப்படிங்க போச்சு?” என்று என் மனைவி கேட்டாள். “நல்லாப் போச்சு” என்றேன். டியூட்டிக்குப் போகிற அவசரத்திலும் அடுப்பை மூட்டி ரவை கேசரி கிளறினாள்.

செய்முறைத் தேர்வில் எங்கள் கல்லூரியிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண். சான்றிதழ் வந்தது. தாளாளர் சொன்ன சொல் மாறாமல் இடம் கொடுத்தார். இப்போது ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். அந்தப் பெண்ணிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.