நாடக நோட்டீஸ்களின் கடைசி வரி

சாமி படங்களின் முதுகில்தான் நான் நாடகங்களைக் கண்டெடுத்தேன். நூறு ஆண்டுகளுக்கு முன்பு மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த கொட்டகைகள் தத்தம் நாடகங்களுக்கு நோட்டீஸ் அச்சடித்து ஊர் ஊராக வீசின. ரோஸ், பச்சை, மஞ்சள் நிறங்களில் மெல்லிய தாள்கள் அவை. நாடகம் முடிந்த மறுநாள் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. ஆனால் காகிதம் அருமையாக இருந்த காலம். ஆகையால், படத்துக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் அவற்றைச் சேர்த்து வைத்து, படத்துக்கும் பின்பலகைக்கும் நடுவே மெத்தையாக வைத்து ஆணி அடித்துவிடுவார்கள். இவ்வாறு இலட்சுமிக்கும் சரசுவதிக்கும் பின்னால் இராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பபூனும் ஒரு தலைமுறைக் காலம் இருட்டில் நின்றிருந்தார்கள். கண்ணாடி உடைந்து படம் மறுபடியும் கடைக்கு வந்தால்தான் அவர்களுக்கு வெளிச்சம்.

அந்த வெளிச்சத்தை எனக்குக் காட்டியவர் கோரிப்பாளையத்தில் பிரேம் கடை வைத்திருக்கும் பாய். நான் மேலூர்த் தடத்தில் பேருந்து நடத்துநராக இருந்தவன். வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் அவருடைய கடை. என் காக்கிச் சட்டையைத் தொலைவில் கண்டதுமே குரல் கொடுப்பார்.

"அண்ணே, ஒரு முருகன் வந்துருக்காரு. முதுகுல என்னத்த ஒளிச்சு வச்சிருக்காருன்னு நீங்களே வந்து பாருங்க. நான் தொறந்தா கோவிச்சுக்குவாரு."

ஆணிகளைப் பிடுங்கிப் பலகையை எடுப்போம். பல சமயம் பழைய நாளிதழ் இருக்கும். சில சமயம் நாடகம் இருக்கும். ஓய்வு பெறுவதற்குள் ஒரு பெட்டி நிறைந்துவிட்டது.

பள்ளியில் நான் கற்றது சொற்பம். உரைநடை என்று ஒன்று உண்டு, அது நிமிர்ந்து நடக்கும் என்பதை அந்த நோட்டீஸ்களைப் படித்தே அறிந்தேன். கனவான்களையும் சீமாட்டிகளையும் வணங்கித் தொடங்கும். நடிகரின் பெயருக்கு முன்னால் பட்டங்கள் மாட்டுவண்டிகளைப் போல வரிசை கட்டி நிற்கும். கதைச் சுருக்கம், பாடப்போகும் பாட்டின் முதலடி, நாற்காலி, பெஞ்சு, தரை என்று இடங்களின் விவரம், பெண்களுக்குத் தனி வழி உண்டு என்னும் உறுதி, ஆகிய அனைத்தும் முறையாகச் சொல்லப்பட்டிருக்கும். பிறகு, நாடகத்தை ஏற்று நடத்தும் காண்ட்ராக்டரின் பெயருக்கு மேலே, அதே மரியாதை குறையாத நடையில் கடைசியாக ஒரு வரி: பஞ்சமருக்கு இடமில்லை. சில நோட்டீஸ்களில் தொற்றுநோய்க்காரரையும் எங்களோடு சேர்த்திருந்தார்கள். மேலே கும்பிட்ட கையே கீழே கதவைச் சாத்தியது.

எங்களோடு என்று எழுதிவிட்டேன். ஆம், அந்தப் பஞ்சமர் நாங்கள்தாம். இன்று அந்தச் சொல்லை எவரும் எங்கள் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. சட்டம் அவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

எல்லா நோட்டீஸிலும் அந்த வரி இல்லை என்பதையும் நான் மறைக்கலாகாது. காண்ட்ராக்டருக்குக் காண்ட்ராக்டர் வேறுபட்டது. சிலர் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். அந்த வெறும் இடத்தைக் கண்டால் அம்மனிதரின் பெயரை இரண்டாம் முறை படிப்பேன்.

நிற்க. என் தகப்பனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பூர்வீகம் வாடிப்பட்டிப் பக்கம். நிலம் இருந்தது பிறருக்கு. உழைப்பு இருந்தது எங்களுக்கு. அய்யா இளவயதில் நாடக வண்டிக்கு முன்னால் தப்பு அடித்துச் சென்றவர். அவர் அடித்து ஊரைக் கூட்டுவார். வண்டியில் இருப்பவர் நோட்டீஸை வீசுவார். அய்யாவுக்கு எழுத்து தெரியாது. இவ்வளவு அழகாக அச்சடித்து, வலிய வந்து கொடுக்கிற காகிதம் அழைப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் நம்பிவிட்டார். ஒரு நோட்டீஸை மடித்துத் தலைப்பாகைக்குள் செருகிக்கொண்டு போய், கொட்டகை வாசலில் விரித்து நீட்டியிருக்கிறார்.

வாசலில் நின்றவர் சிரித்தாராம். "ஏலேய், நீ அடிச்ச தப்பு ஊருக்கே கேட்டுச்சுல்ல? அவுக பாடுறது மட்டும் ஒனக்குக் கேக்காதாக்கும்? போ, போயி வெளியவே நில்லு."

அய்யா வெளியில் நின்றார். அன்று நடந்தது, உண்மைக்காக நாடிழந்து மயானம் காக்கும் வேலைக்கு அமர்ந்த அரசனின் கதை. மயானத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் தட்டிக்கு வெளியே நிற்க, காப்பதாக நடித்தவருக்காக உள்ளே கண்ணீர் பெருகியது. இதை அய்யா எங்களிடம் ஒரு வேடிக்கையாகவே சொல்வார். "பாட்டு அம்புட்டும் எனக்குத் தெரியும்டா. அந்த ராசா மொகந்தான் தெரியாது" என்பார். நீட்டிய தாளிலேயே பதில் அச்சாகியிருந்தது அவருக்குக் கடைசி வரை தெரியாது. அவர் மறைந்து வெகுகாலம் கழித்து, ஓர் இலட்சுமியின் முதுகிலிருந்து அந்த ரோஸ் தாள் எனக்குக் கிடைத்தது. அதே ஊர், அதே கதை, அய்யா சொன்ன அதே காண்ட்ராக்டரின் பெயர். பெயருக்கு மேலே அந்த வரி.

அந்தக் காண்ட்ராக்டரின் பேரன் சென்ற ஆண்டு என் வீட்டுக்கு வந்தார். மேற்கே நிலபுலத்தோடு நெடுங்காலம் வாழ்ந்த குடும்பம். அவர் கல்லூரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது நகரில் ஒரு பண்பாட்டு மன்றத்துக்குச் செயலாளர். பழைய நாடகங்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கப்போவதாகவும், என் பெட்டியைப் பற்றிப் பாய் சொன்னதாகவும் கூறினார். பாட்டனாரின் பெயரை அச்சில் கண்டதும் அவர் கண் கலங்கியது உண்மை.

"அண்ணே, எங்க தாத்தாண்ணே இது! வீட்டுல ஒரு போட்டோகூட இல்ல. பேரையாவது பாத்தேனே."

"அதுக்கு மேல ஒரு வரி இருக்கு சார். அதையும் படிச்சிருங்க."

படித்தார். "அது அந்தக் காலம்ண்ணே" என்றார்.

"அந்தக் காலத்தத்தான சார் காமிக்கப் போறீக? பெட்டியோட தாரேன். அந்த வரிய மறைக்கக் கூடாது. வாரவுக கண்ணுக்குத் தெரியணும். நான் கேக்குறது அம்புட்டுத்தான்."

"அதுக்கென்னண்ணே, தாராளமா."

என் மனைவி கொடுத்த காபியை அவர் மிச்சம் வைக்காமல் குடித்தார்; இன்னும் அரை டம்ளர் கேட்டு வாங்கியும் குடித்தார். என் வயதுடைய எங்கள் மக்கள் இதைக் கவனிப்போம். வந்தவர் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கிறாரா, உதட்டில் வைத்துவிட்டுக் கீழே வைக்கிறாரா என்று பார்த்தே ஆளை எடைபோட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த அரை டம்ளரை நம்பி, பெட்டியை அவர் காரில் நானே ஏற்றினேன். எங்களைத் தவிர வேறு எவரும் இப்படி ஏமாறமாட்டார்கள்.

திறப்பு நாளன்று மண்டபம் நிறைய விளக்கு. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அரிய சேகரிப்பாளர் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். போர்த்திய துணியோடு சுவரோரமாக நடந்தேன். தங்க நிறச் சட்டங்களுக்குள் எல்லா நோட்டீஸ்களும் ஒரே அளவில் இருந்தன. அவை ஒரே அளவில் அச்சானவை அல்ல. முதல் நோட்டீஸில் அடிவரியும் இல்லை, அதன் கீழிருந்த காண்ட்ராக்டரின் பெயரும் இல்லை. அடுத்ததிலும் இல்லை. அய்யாவின் ரோஸ் தாளைத் தேடிப் போனேன். அதிலும் இல்லை, ஆனால் காண்ட்ராக்டரின் பெயர் மட்டும் இருந்தது. பெண்களுக்குத் தனி வழி உண்டு என்ற வரிக்கு அடியில், இடைவெளியே இல்லாமல், பெயர் மேலேறி உட்கார்ந்திருந்தது. கண்ணாடியை ஒட்டிக் கண்ணை வைத்தபோதுதான் தாளின் இணைப்பு மயிரிழையாகத் தெரிந்தது.

செயலாளரைத் தேடிப் பிடித்தேன்.

"சார், ஒரு வரியக் காணோம்."

"எதுண்ணே?"

"ஒங்க தாத்தா பேருக்கு மேல இருந்தது."

என் தோளில் கைபோட்டு ஒரு தூணருகே அழைத்துச் சென்றார். "பிரேமெல்லாம் ஒரே சைஸா இருந்தாத்தான் எடுப்பா இருக்கும்ண்ணே. அதான் ஓரத்தக் கொஞ்சம் வெட்டச் சொன்னோம்."

"சரி சார். ஓரத்த வெட்டுனா பேரும்ல போயிருக்கணும்? அது மட்டும் எப்படி மேல ஏறுச்சு?"

தோளில் இருந்த கை இறங்கியது. "இங்க பாருங்க பெரியவரே. பெரிய பெரிய ஆளுக வந்திருக்காக, காலேஜ் புள்ளைக வந்திருக்கு. அம்புட்டுப் பேரும் நின்னு அதப் படிச்சா ஒங்களுக்குத்தான அசிங்கம்? ஒங்க மரியாதைக்காகத்தான் செஞ்சது."

"அசிங்கம் போட்டவுகளுக்கா சார், போடப்பட்டவுகளுக்கா?"

அவர் பதில் சொல்வதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். "முடிஞ்சதும் அம்புட்டையும் பத்திரமாத் திருப்பிக் குடுத்துர்றேன்" என்று நடந்தபடியே சொன்னார். வெட்டியதையுமா என்று நான் கேட்டது அவர் காதில் விழுந்திருக்காது. வீட்டில் நான் அவருக்கு அண்ணனாக இருந்தேன். தூணருகே பெரியவராகிவிட்டேன்.

அந்தச் சட்டங்களைப் போட்டுக் கொடுத்தவர் பாய்தான். அங்கிருந்து நேரே அவர் கடைக்குப் போனேன். பொன்னாடையைக் கழற்றவும் தோன்றவில்லை. அவர் என் தோளைப் பார்த்து, "என்னண்ணே, மாப்ள கணக்கா வாரீக!" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"யாரு வெட்டச் சொன்னது பாய்?"

"அவுகதாண்ணே. 'அண்ணன்ட்ட பேசியாச்சு, கீழ ஓரத்த ஒரே அளவா வெட்டிருங்க'ன்னாக. அந்த ரோஸ் தாளுல மட்டும் பேரைத் தூக்கி மேல ஒட்டச் சொன்னாக."

"ஒட்டும்போது அந்த வரியப் படிச்சீகளா?"

அவர் கையில் இருந்த, கண்ணாடி அறுக்கும் வைர ஊசியைக் கீழே வைத்தார். "படிச்சேன்."

"படிச்சுமா எனக்கு ஒரு போன் போடல?"

"மாஃப் பண்ணிருங்கண்ணே. நீங்களே ஒத்துக்கிட்டீகன்னு நெனச்சேன். நமக்கெதுக்கு வம்புன்னு விட்டிருப்பீகன்னு... நானா இருந்தா அப்படித்தான் விட்டிருப்பேன்."

அவர் மீது கோபம் கொள்ள முயன்றேன், முடியவில்லை. அவர் சொன்னது பொய்யன்று. இந்த நகரில் கடை நடத்துவதற்கு அவர் கற்றுக்கொண்ட பாடம் அது. ஆயினும் என் பெட்டியை நிறைத்த கையே அதை வெட்டியது என்பதும் பொய்யன்று. அன்றிலிருந்து நான் வேறு தெரு வழியாக நடக்கிறேன்.

வெட்டிய துண்டுகளை அவர் எறிந்திருக்கவில்லை. கண்ணாடியும் கண்ணாடியும் உரசாமல் இருக்க நடுவில் காகிதத் துண்டு செருகுவது அந்தத் தொழிலின் வழக்கம். சுவரில் சாய்த்து வைத்திருந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாக விலக்கி, விரல் அகலத் துண்டுகளை இருவருமாக உருவி எடுத்தோம். ரோஸ், பச்சை, மஞ்சள்.

வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்தபோது இன்னொன்று புரிந்தது. துண்டுகளுள் சிலவற்றில் காண்ட்ராக்டரின் பெயருக்கு மேலே வெறுமையாக இருந்தது. அவை அந்த வரியை அச்சடிக்க மனம் வராத காண்ட்ராக்டர்களின் நோட்டீஸ்களிலிருந்து வெட்டப்பட்டவை. அவர்கள் காட்டிய கண்ணியத்துக்கு இருந்த ஒரே சான்று அந்த வெறும் இடம். அதையும் ஒரே அளவுக்காக வெட்டிவிட்டார்கள். இப்போது சுவரில் கதவைத் திறந்தவரும் சாத்தியவரும் ஒன்றுபோல் கும்பிடுகிறார்கள். பார்க்க வருகிறவர் எல்லாரையும் ஒன்றாகவே மெச்சிவிட்டுப் போவார்.

கண்காட்சி முடிந்தபின் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். பெட்டியைக் கொடுத்தனுப்ப ஆள் தயாராக இருப்பதாகச் சொன்னார்.

"வேணாம் சார். நீங்களே வச்சுக்கங்க" என்றேன்.

"என்னண்ணே, கோவமா? எம்புட்டு வருசமாச் சேத்தது!"

"கோவமெல்லாம் இல்ல சார். அதுல ஒங்க தாத்தா பேரு இருக்கு, நடிச்சவுக பேரு இருக்கு, அச்சடிச்சவுக பேருகூட இருக்கு. எங்கய்யா பேரு எதுலயும் இல்ல. அவரப் பத்தி அந்தத் தாளுல இருந்தது அந்த ஒரு வரிதான். அது எங்கிட்ட வந்துருச்சு."

மறுமுனையில் தாள் புரளும் ஓசை கேட்டது. நான் சொன்னதை அவர் யோசிக்கிறார் என்று ஒரு கணம் நம்பினேன்.

"அப்ப மன்றத்துக்கே குடுத்துட்டதா எழுதிக்கிறேன். ரொம்ப சந்தோசம்ண்ணே" என்றார். மறுபடியும் அண்ணனாகிவிட்டேன்.