எஸ்தர் அக்கா விழுந்த இடம்

தோலெடுக்கும் கூடத்தில் இருந்தபோதுதான் எஸ்தர் அக்கா இறந்துபோன செய்தி வந்தது. நம்மில் யாரும் எழுந்திருக்கவில்லை. எடை போடும் நேரம் நெருங்கியிருந்ததால் நானும் முந்திரிப் பருப்பை உரித்துக்கொண்டேதான் இருந்தேன்.

நம் அண்டியாபீசில், இந்த முந்திரி ஆலையில், பதினோரு வருடம் வேலை செய்தும் அக்கா தற்காலிகத் தொழிலாளிதான். காலையில் கேட் அருகே நிற்பார். பெயரைக் கூப்பிட்டால் வேலை, இல்லையென்றால் வந்த பஸ்ஸிலேயே திரும்ப வேண்டும். நிரந்தரக்காரர்களான நமக்கோ ஆளுக்கொரு இடம், உட்கார ஆளுக்கொரு பலகை. எடை போட எழுந்தால், இடம் பறிபோகாதிருக்கப் பலகையை நடைவழியில் நீட்டிப் போட்டுவிட்டுப் போவோம். தற்காலிகக்காரர்களுக்கு எடை கடைசியில்தான். மணியடித்த பிறகு, நிறைந்த தட்டோடு அந்தப் பலகைகளுக்கு நடுவே ஓடி வருவார்கள்.

"பலகைய கொஞ்சம் நீக்கி வைங்கட்டி. பறந்து போவதுக்கு எனக்கு றெக்கையா இருக்கு?" என்பார் அக்கா. நாம் சிரிப்போம். பலகையை நகர்த்த மாட்டோம்.

அவர் தடுக்கி விழுந்தது என் பலகையில். நான் பார்த்தேன். மேனேஜர் வந்து, "எதுல தடுக்கின?" என்று கேட்டார். வழியில் பலகை போட்டதற்காக எனக்கு ஏற்கெனவே ஒருமுறை எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "சேல தடுக்கிச்சு சார்" என்றார். உடுத்தியிருந்தது நைட்டி. மேனேஜர் அப்படியே எழுதிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

ஒருமுறைதான் பார்க்கப் போனேன். "சாப்பிட்டியா மக்கா?" என்றார். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "அத விடு. உன் வேல போயிருந்தா என் இடுப்பு நேரே ஆயிருக்குமா?" என்றார். அதற்குப் பின் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மதியச் சோற்றை இப்போதெல்லாம் தனியாகவே சாப்பிடுகிறேன். யாரையும் பக்கத்தில் கூப்பிடத் தோன்றவில்லை.

அடக்கத்தன்று அவர் மகள் நம்மிடம் கேட்டாள்: "அம்மைக்கு நஷ்டஈடு கேக்கணும். விழுந்தத பாத்தவிய யாராவது வந்து சொல்லுவியளா?" ஒவ்வொருவராக நழுவிப் போனோம். நானும்தான்.

நாளைக் காலை அவளோடு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகிறேன். அடுத்த நாள் என்னை உள்ளே விடுவார்களா என்று தெரியாது. உங்களில் யாரும் கூட வராவிட்டாலும் போவேன்.

தரையில் கிடந்தபடி அக்கா என்னைப் பார்த்த பார்வை மட்டும் எனக்குப் போதும். அதில் கோபம் துளியும் இல்லை. பயம் இருந்தது, அதுவும் எனக்காக.